தோலில் படும் ஒளியும் இரத்தத்தில் இறங்கும் அழற்சியும்

ஒரு கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேராக இருந்தோம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சோற்றில் கை வைக்கப் போனேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "இதென்ன காக்கா, தொத்துற வருத்தமா?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முந்தி எதிரே இருந்தவர், "அது ரத்தம் கெட்டுப் போனா வாறது" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். சொரியாசிஸ் தொற்றாது. ஒரே சஹனில் சாப்பிட்டாலும், ஸஃப்பில் தோளோடு தோள் நின்றாலும், ஒரே ஹவுழில் வுழூ செய்தாலும் அது மற்றவருக்குப் போகாது. இரத்தம் கெட்டுப் போவதாலும் வருவதில்லை. ஆனால் இரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நம் உடம்பைக் காக்க வேண்டிய 'ரி' கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள், காரணமில்லாமல் தோலில் போர் தொடங்குவதுதான் இந்த நோய். அவை இன்டர்லூக்கின் 17, ரி.என்.எஃப். போன்ற சமிக்ஞைப் பொருட்களைச் சுரக்கின்றன. ஒரு மாதமளவில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல் சில நாட்களிலேயே புதுப்பிக்கப்பட்டு, செதில் செதிலாகக் குவிகிறது. இந்தச் சமிக்ஞைகள் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்திலும் கலக்கின்றன. அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின் 6 ஈரலைத் தூண்ட, ஈரல் சீ.ஆர்.பீ. என்ற புரதத்தை உண்டாக்குகிறது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். சொரியாசிஸ் உள்ள எல்லோருக்கும் அது கூடியிருப்பதில்லை. எனக்குக் கூடியிருந்தது: லீற்றருக்கு 8 மில்லிகிராம்.

டொக்டர் ஒளிச்சிகிச்சை என்றதும், "எங்கட ஊர்ல இல்லாத வெயிலா?" என்று கேட்டேன். வெயிலில் சுடுகிற கதிரும் இருக்கிறது, குணமாக்குகிற கதிரும் இருக்கிறது, அளவும் தெரியாது என்றார். 1981இல் பாரிஷ், ஜெனிக்கே என்ற இரு ஆய்வாளர்கள், 290 நனோமீற்றருக்குக் குறைந்த கதிர்கள் தோலைச் சுடுமே தவிர சொரியாசிஸுக்கு உதவாது என்றும், 300 முதல் 313 வரையுள்ளவை உதவும் என்றும் காட்டினார்கள். அதையொட்டி வந்ததுதான் 311 நனோமீற்றரை அண்டிய குறும்பட்டை யூ.வீ.பீ. விளக்கு. அந்த ஒளி மேல்தோலில் குழம்பி நிற்கும் 'ரி' கலங்களை மடியச் செய்கிறது. சண்டையை அடக்கும் வேறு 'ரி' கலங்களுக்கு இடம் கொடுக்கிறது.

ஒளியால் தோலைக் குணமாக்கும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் இப்னுல் பைத்தார், 'ஆத்ரிலால்' என்ற செடியின் விதையைக் கொடுத்து வெண்படை உள்ளவரை வெயிலில் இருத்தும் முறையை எழுதிவைத்தார். அதே செடியிலிருந்து 1947இல் எகிப்தில் பிரித்தெடுக்கப்பட்ட மருந்துதான், 1974இல் யூ.வீ.ஏ. ஒளியோடு சேர்த்து சொரியாசிஸுக்குக் கொடுக்கப்பட்டது.

கிழமைக்கு மூன்று நாள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்குப் பெட்டிக்குள் நின்றேன். முதல் நாள் சில செக்கன்கள்தான். மூன்று மாதத்தில் முழங்கை தெளிந்தது. சீ.ஆர்.பீ. 3க்கு இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ், ரத்தம் சுத்தமாகிட்டு" என்று நானே முடிவெடுத்து, பிரஷர் குளிசையையும் நிறுத்தினேன். அடுத்த கிளினிக்கில் நல்ல ஏச்சு வாங்கினேன்.

ஏன் ஏசினார் என்பது பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. சொரியாசிஸ் கடுமையாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிடக் கூட. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 97 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அடலிமுமாப் ஊசியும், ஒரு பகுதிக்கு ஒளிச்சிகிச்சையும், மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத ஊசியும் கொடுத்தார்கள். 12 கிழமையில் ஒளி பெற்றவர்களுக்கு சீ.ஆர்.பீ.யும் இன்டர்லூக்கின் 6உம் குறைந்தன. ரி.என்.எஃப். குறைந்தது ஊசி போட்டவர்களுக்கு மட்டுமே. பெருநாடிச் சுவரின் அழற்சியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதோ, ஒளியாலும் ஊசியாலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, தோலில் படும் ஒளி இரத்தம் வரை எட்டுகிறது. அது உண்மை, நல்ல செய்தியும்கூட. ஆனால் றிப்போட்டில் ஓர் இலக்கம் இறங்கியதை இதயத்துக்குக் கிடைத்த உத்தரவாதமாக எடுக்கக்கூடாது. சீ.ஆர்.பீ. ஒரு தடிமன் காய்ச்சலுக்கும் ஏறும். சிகரெட்டும் உடற்பருமனும் அதை ஏற்றும். ஆகவே காய்ச்சல் இல்லாத நாளில் இரத்தம் கொடுங்கள். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் தனியாகப் பாருங்கள். டொக்டரைக் கேட்காமல் எந்தக் குளிசையையும் நிறுத்தாதீர்கள்.

சஹனில் எனக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். என் இரத்தம் கெடவில்லை, தம்பி. கையை வைத்துச் சாப்பிடுங்க.