எண்ணெய் கேளாத மரம்

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாய்க் குடியிருக்கிறார். அண்மையில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அவர், ஒரு மாலை வேளையில் நம்முடன் குறுக்குத்துறைப் படித்துறையில் அமர்ந்து, தாமிரபரணியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிறுவர்களை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தாமும் அங்கே தூண்டிலும் கையுமாய்த்தான் இருப்பதாகச் சொல்லி ஒரு புகைப்படத்தைக் காட்டினார். ஓர் ஆள் மட்டும் அமரக்கூடிய குறுகிய படகு. கையில் இருபுறமும் அலகுள்ள துடுப்பு. காலடியில் ஒரு மீன்.

"இயந்திரப் படகு வைத்திருந்தீரே, அது என்னவாயிற்று?" என்று கேட்டோம்.

"அதை விற்றுவிட்டுத்தான் இந்தக் கயாக்கை வாங்கினேன்" என்றார்.

நமக்கு வியப்பாயிருந்தது. காரணமில்லாமலில்லை. அதற்கு முந்திய வாரம்தான் நம் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், ஒரு தாய் தம் நகையை அடகு வைத்து மகனுக்குப் படகு இயந்திரம் வாங்கலாமா என்று நம்மிடம் ஆலோசனை கேட்டிருந்தார். இங்கே துடுப்பை விட்டு இயந்திரத்துக்குப் போக நகை அடகுக்குப் போகிறது. அங்கே இயந்திரத்தை விற்றுத் துடுப்பு வாங்குகிறார்கள். இதன் உட்பொருள் என்ன என்று அறிய விரும்பினோம்.

அன்பர் சொன்ன காரணங்கள் எளியவை. இயந்திரப் படகை வாங்குவதோடு செலவு முடிவதில்லை. அதற்கு எரிபொருள் வேண்டும். பழுது பார்க்க வேண்டும். நிறுத்த இடமும் இழுத்துச் செல்ல வண்டியும் வேண்டும். விடுமுறை நாளில் பாதி, படகைக் கடலில் இறக்குவதிலும் ஏற்றுவதிலுமே கழிந்துவிடும். கயாக்கையோ ஒருவரே தூக்கிக் காரின் மேல் கட்டிக்கொண்டு போகலாம். முழங்கால் அளவு நீரிலும், பெரிய படகு நுழைய இயலாத பாறை இடுக்குகளிலும் அது போகும். இயந்திர ஓசை கேட்டு மீன் கலைவதுமில்லை. "கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் நல்ல காற்று, நட்டம் என்று ஒன்று இல்லை" என்று சிரித்தார்.

கயாக் என்பது வடதுருவத்தையொட்டிய பனி நாடுகளில் வாழும் இனுயிட் மக்களின் கலம். மரம் வளராத அந்நாட்டில், கடல் அடித்துவந்த கட்டைகளாலும் எலும்பாலும் சட்டம் செய்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, ஓர் ஆள் இடுப்பளவு நுழைய வாய் விட்டிருப்பர். இக்காலத்தில் தூண்டில்காரர் பெரிதும் விரும்புவது பிளாஸ்டிக்கால் செய்த வேறொரு வகை. இதில் உள்ளே நுழைந்து அமர்வதில்லை, மேலேயே அமர்கிறார்கள். அலை ஏறி வந்தால் நீர் தங்காது. தட்டில் உள்ள துளைகளின் வழியாகக் கீழே வடிந்துவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்திவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் நாம் சிரித்துவிட்டோம். மேலே அமர்வது, நீர் தங்காமல் வடிவது, கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது ஆகிய இம்மூன்றும் நம் கட்டுமரத்தின் இலக்கணமன்றோ! மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, மூன்றோ நான்கோ சேர்த்துக் கயிற்றால் பிணைத்துவிட்டால் கட்டுமரம். அதற்கு வயிறு இல்லை. ஆகவே நீர் நிறையவும் வழி இல்லை. மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியே வடிகால். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்திவிடலாம். துறைமுகமும் வேண்டாம், தூண்டில் வளைவும் வேண்டாம். அலை மோதும் திறந்த கடற்கரையே போதும். 1697-இல் வெளியான தம் பயண நூலில் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை வருணித்திருக்கிறார். நம் சொல்லே 'கட்டமரான்' என்று ஆங்கிலத்தில் ஏறியது. ஆனால் இன்று செல்வர்கள் அப்பெயரில் ஓட்டும் இரட்டை உடல் படகு முற்றிலும் வேறு பொருள். பெயரை மட்டும் கொண்டுபோனார்கள் போலும்.

1986-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலும், மணப்பாடும் தூத்துக்குடியோடு போயின. நெல்லைக்கு எஞ்சியது உவரி, கூட்டப்பனை, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி எனச் சில ஊர்களைக் கொண்ட குறுகிய கடற்கரையே. 1542-இல் புனித சவேரியார் வந்து கால் பதித்த முத்துக்குளித்துறையின் தென்பகுதி இது. இங்குள்ளோர் கட்டுமரத்தைக் கட்டுமரம் என்றுகூடச் சொல்வதில்லை. 'மரம்' என்பதே போதும். அதில் ஏறி, கோயில் கோபுரமும் பனங்காடும் மலையும் ஒன்றுக்கொன்று நேர்படும் கோணத்தை வைத்துக் கடலடிப் பாறையாகிய 'பாரை'க் கண்டுபிடித்து, தங்கூஸ் நரம்பில் கணவாய்த் துண்டைக் கோத்து இறக்கினால் விளமீனும் பாறையும் கலவாவும் ஏறும். வலையை இழுத்தால் பாரில் சிக்கிக் கிழியும். அவ்விடத்துக்குத் தூண்டிலே உரியது. அவ்வாறு உயிரோடு ஏறிய மீன் நசுங்காமல் கரைக்கு வருவதால் ஏலத்தில் தனி மதிப்பும் உண்டு.

இயந்திரம் இக்கடலுக்கு வந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்வோம். 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய திட்டம் விசைப்படகுக்கு வழி திறந்தது. இறால் ஏற்றுமதி பெருகியதும் இழுவைப் படகுகள் தமிழகக் கரையெங்கும் பரவின. கடலடியைச் சுரண்டிச் சென்ற அம்மடிகளோடு சிறு மீனவர் மோத வேண்டியதாயிற்று. 1978-இல் இந்தியா முழுவதிலுமிருந்து கூடிய சிறு மீனவர் அமைப்புகள் தங்கள் கூட்டமைப்பின் பெயரிலேயே கட்டுமரத்தை வைத்தன. 1983-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு உட்பட்ட நீர் சிறு கலங்களுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னாளில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். துடுப்பாலும் பாயாலும் செல்லும் கலங்களை அத்தடை கட்டுப்படுத்தாது.

அதற்கிடையே மரத்துக்கு மரம் கிடைப்பது அரிதாயிற்று. காடு சுருங்கியதால் நல்ல கட்டைகளின் விலை ஏறியது. 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியேர் ஜில்லே என்ற படகு வல்லுநர், ஒட்டுப்பலகையால் சிறு படகுகளைக் கட்டக் கற்பித்தார். வெளியே பொருத்தும் சிறு இயந்திரங்களும் அதே ஆண்டுகளில் வந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கரையிலிருந்த மரங்களை வாரிச் சென்றபின், உதவியாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. இன்று உவரிக் கரையில் நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இயந்திரம் பூட்டிய ஃபைபர் வள்ளங்கள். மரங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

ஆயினும் அம்மரங்களை விடாது வைத்திருப்பவர் சிலர் உண்டு. நம்மிடம் ஆலோசனை கேட்ட தாயின் கணவர் அவர்களுள் ஒருவர். அறுபதைக் கடந்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஆஸ்திரேலிய அன்பரின் கதையைச் சொன்னோம். அவர் வியக்கவில்லை.

"மரம் எண்ணெய் கேக்காது, ஐயா. மீன் இல்லாத அன்னைக்கு எனக்குப் பசி இருக்கும், கடன் இருக்காது" என்றார்.

இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல இயலாது. இயந்திரப் படகு கடலில் இறங்கும் முன்பே எரிபொருளுக்குப் பணம் விழுந்துவிடுகிறது. மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்ச் செலவு கழியும், பின்பு படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் பங்கு, மீதிதான் உழைத்தவர்களுக்கு. இயந்திரம் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருந்தால், மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். விலையை அவர் சொல்வார், தரகும் அவர் கழிப்பார். வட்டி என்று ஒரு காசும் அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. படகு யாருடையது என்று கேட்டால் எல்லாரும் மீனவர் பெயரையே சொல்வர். மீன் யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தோம். ஞாயிற்றுக்கிழமை இக்கரையில் எவரும் கடலுக்குப் போவதில்லை. திருப்பலியும் ஓய்வுமாய் அந்நாள் கழியும். பழைய வழக்கம் அது. ஆனால் தவணைக்கு ஞாயிறு இல்லை. கடன்பட்டவர் வீட்டில் அன்று ஓய்வு எவ்வாறு இருக்கும் என்பதை அந்தத் தாய் நன்கு அறிந்திருந்தார். அவர் தமையனார் வீட்டில் பார்த்த அனுபவம். "அண்ணாச்சி, பூசைக்குப் போனாலும் மனசு கணக்கிலேயே இருக்கும்" என்றார்.

இவ்வளவும் கேட்டு, மரமே சிறந்தது, இயந்திரம் தீது என்று நாம் தீர்ப்பு எழுதிவிட்டால் அது அநியாயம். மகனின் பக்கமும் நியாயம் இருந்தது. அவன் தந்தையின் எதிரில் குரலை உயர்த்தவில்லை, நம்மைத் தனியே அழைத்து, "அப்பாவால ராத்திரி கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது, அண்ணாச்சி. நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க" என்றான். எதிர்க்காற்றில் துடுப்பு வலித்துக் கரை சேர்வது எத்துணைப் பாடு என்பதைப் படித்துறையில் அமர்ந்து பேசும் நாம் அறியோம். கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது. தொலைவு போக வேண்டும். வானம் திடீரென்று கறுத்தால் விரைந்து திரும்பவும் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலோ பெரிய படகு, சிறிய படகு என்று பார்க்கவில்லை. இரண்டில் சென்றவர்களையும் கொண்டுபோயிற்று. ஆஸ்திரேலிய அன்பர் துடுப்பு வலிப்பது உடற்பயிற்சி. மீன் கிடைக்காவிட்டால் அவர் கடையில் வாங்குவார். அவருடைய விடுதலையை நம் மீனவரின் தோளில் சுமத்தலாகாது.

ஆயினும் இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பதை நாம் மறுக்க முடியவில்லை. தன் கையால் தூக்கவும் செப்பனிடவும் இயன்ற அளவில் கலம் இருந்தால், ஒருவன் அதற்கு உடையவனாய் இருக்கிறான். அளவு மீறினால் கலம் அவனை உடையதாகிவிடுகிறது. அந்த அளவு துடுப்போடு முடிகிறதா, சிறு இயந்திரத்துக்கும் இடம் கொடுக்கிறதா என்பதே அவ்வீட்டின் கேள்வி.

பேச்சினிடையே முதியவர், இராயப்பரும் தூண்டில் போட்டவர்தாமே என்று நினைவூட்டினார். உண்மைதான். நம் ஆண்டவர் அவரிடம் வலையைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார்; தூண்டில் போடச் சொன்னதாக மத்தேயு எழுதியிருப்பது ஒரே ஒரு முறை, அதுவும் கோயில் வரி கட்ட வேண்டிய வேளையில். முதல் மீனின் வாயில் காசு இருந்தது. "எங்களுக்கும் தவணைக்கு அப்படி ஒரு மீன் ஏறினா நல்லாத்தான் இருக்கும்" என்று மகன் சொல்ல, அதுவரை இறுகியிருந்த தந்தையும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகே பேச்சு இளகியது. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீன் விற்பனை, கடன், சேமிப்பு ஆகிய மூன்றையும் மீனவரின் சொந்தக் கிராமச் சங்கத்தின் கையிலேயே வைத்தது. ஒவ்வொரு நாள் மீன் விற்ற தொகையிலும் சிறு பகுதியைப் பிடித்து, அன்றைய வரவுக்கு ஏற்பக் கடனை அடைப்பது அதன் முறை. மீன் இல்லாத நாளில் பிடிப்பும் இல்லை. இத்தகைய சங்கம் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று விசாரித்து வருவது எனவும், அதுவரை வியாபாரியின் முன்பணத்தைத் தொடுவதில்லை எனவும் முடிவு செய்தார்கள். ஒருவன் தனியே வாங்காமல், உறவில் மூவர் சேர்ந்து ஒரு சிறு இயந்திரத்தை வாங்கலாம் என்று மகனே சொன்னான். தாய் எழுந்து போய் நகைப் பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார். தந்தை ஒப்புதலும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. "என் மரம் மட்டும் அங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. விடியுமுன் கரைக்குப் போனோம். வள்ளங்களின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் உறுமிக் கிளம்பின. அவை போய் ஓசை அடங்கியபின், முதியவர் தூண்டில் நரம்பைக் கட்டையில் சுற்றியபடி மரத்தின் மேல் ஏறி அமர்ந்தார். மகன் பின்புறம் நின்று, ஓர் அலை தணியும்வரை பொறுத்து, இடுப்பளவு நீர்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டான்.