முகவரி அதேதான், ஆள்தான் வேறு

சிறுவர்களுக்கு வன்முறை வீடியோ கேம்களை விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் போட்ட சட்டம் செல்லாது என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி சாமுவேல் அலிட்டோ தனியாக ஒரு கருத்துரை எழுதினார். அதன் அடிக்குறிப்பு ஒன்றில் ஓர் இணையதளத்தின் முகவரி இருந்தது. பின்னாளில் அந்த டொமைன் பெயர் கைமாறியது. வாங்கியவர் யாரோ குறும்புக்காரர். இணையத்தில் இன்று இருப்பது நாளைக்கு இருக்காது, அதை நம்பியா மேற்கோள் காட்டுகிறீர்கள் என்று கேலி செய்து ஒரு பக்கத்தை அங்கே வைத்துவிட்டார். தீர்ப்பு இன்றும் மாறாமல் இருக்கிறது. அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் கிண்டல் கிடைத்தது.

இந்தச் சுட்டி அறுந்துபோகவில்லை என்பதுதான் இதில் விசேஷம். சொடுக்கினால் பக்கம் திறந்தது. சரிபார்க்கும் நிரல் எதைக் கேட்டாலும் ‘எல்லாம் நலம்’ என்றே சொல்லியிருக்கும்.

இணையச் சுட்டிகள் இப்படிக் கைவிடுவது தற்செயல் அல்ல, பிறவிக் குணம். சுட்டிகளால் கோத்த உரைக்கு ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற பெயரை 1960-களில் உருவாக்கிய டெட் நெல்சன், இரு முனையும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் சுட்டிகளைத்தான் கனவு கண்டார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான ஹைப்பர்-ஜி என்ற அமைப்பு, சுட்டிகளை ஆவணங்களுக்கு வெளியே தனித் தரவுத்தளத்தில் வைத்துப் பராமரித்தது. டிம் பெர்னர்ஸ்-லீ எதிர்த்திசையில் போனார். அவருடைய வலையில் யாரும் யாரையும் கேட்காமல் சுட்டலாம். சுட்டப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. அனுமதி வேண்டாம், பதிவேடு வேண்டாம் என்பதால்தான் வலை இவ்வளவு வேகமாகப் பரவியது. சுட்டப்பட்டவர் வீடு மாறினால் சுட்டியவருக்குத் தகவல் வராததும் அதனால்தான். பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டன.

இந்தப் பிறவிக் குணத்தோடு முழுநேரமும் மல்லுக்கட்டியவர்கள் இணையதளப் பட்டியல்களைத் தொகுத்தவர்கள். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் கையால் தொகுத்த பட்டியல்தான் யாஹூவாக வளர்ந்தது. 1998-இல் தொடங்கிய ‘டிமாஸ்’ இன்னும் துணிச்சலானது. தன்னார்வத் தொகுப்பாளர்கள் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்து, இரண்டு வரி விவரணை எழுதி, உரிய தலைப்பின் கீழ் சேர்ப்பார்கள். 2017-இல் மூடியபோது அதில் 38 லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் இருந்தன. தொடக்கம் முதல் அதில் பங்கேற்ற தொகுப்பாளர்கள் ஏறக்குறைய 92,000 பேர்.

இத்தனை சுட்டிகளை ஆள் வைத்துத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்க முடியுமா? டிமாஸ் அதற்கு ‘ரோபோசில்லா’ என்ற நிரலை வைத்திருந்தது. அவ்வப்போது பட்டியலை வலம் வந்து, பதில் தராத தளங்களுக்குக் குறியிட்டுவிட்டுப் போகும். இத்தகைய நிரல்கள் பொதுவாக முழுப் பக்கத்தையும் இறக்குவதில்லை. தலைப்பகுதியை மட்டும் கேட்கும். சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றைத் தரும். 200 என்றால் பக்கம் இருக்கிறது. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புது முகவரி இதோ. 404 என்றால் காணோம். 410 என்றால் இனி வராது. இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் சர்வர்கள் அபூர்வம். 503 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. சில சர்வர்கள் நிரல் என்று மோப்பம் பிடித்ததும் 403 என்று விரட்டிவிடும், அதே பக்கம் மனிதருக்கு நன்றாகத் திறக்கும். ஒருமுறை தவறியதும் நீக்கக் கூடாது, சில நாள் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இதனால் வந்தது.

எண்ணே பொய் சொன்னால்? பல தளங்கள் ‘மன்னிக்கவும், பக்கம் இல்லை’ என்று எழுதிய பக்கத்தை 200 என்ற எண்ணோடு அனுப்புகின்றன. 2004-இல் ஆண்ட்ரே பிரோடர், ரவி குமார் உள்ளிட்ட ஐபிஎம் ஆய்வாளர்கள் இதற்கு அழகான ஒரு பொறி வைத்தார்கள். அதே சர்வரில் இருக்கவே முடியாத, கன்னாபின்னாவென்று எழுத்துகளைக் கோத்த ஒரு முகவரியைக் கேள். அதற்கும் 200 என்று சொல்லி, அதே மாதிரிப் பக்கத்தை நீட்டினால், முதலில் கேட்டதும் செத்த பக்கம்தான். இதில் ஒரு சங்கடம்: தளத்தின் முகப்புப் பக்கத்துக்கு இந்தப் பொறி பயன்படாது. இணையதளப் பட்டியல்களோ பெரும்பாலும் முகப்பைத்தான் சுட்டுகின்றன.

முகப்பில்தான் திருட்டும் நடந்தது. டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் சலுகைக் காலம், மீட்புக் காலம் எல்லாம் கடந்து அது பொதுவுக்கு வரும். அப்படி விழும் பெயர்களைப் பிடிக்கவே தானியங்கி நிரல்களோடு காத்திருப்பவர்கள் உண்டு. எத்தனை நல்ல இடங்கள் ஒரு தளத்தைச் சுட்டுகின்றன என்பதைத் தேடுபொறிகள் மதிப்பெண்ணாக எண்ணுகின்றன. கூகுள் தன் சொந்தப் பட்டியலுக்கே டிமாஸ் தரவைப் பல ஆண்டுகள் எடுத்தாண்டது. ஆகவே டிமாஸில் இடம்பெற்ற பழைய பெயர் என்றால் தனி மவுசு. பறவை நோக்குவோர் சங்கம் என்று விவரணை இருக்கும்; சொடுக்கினால் சூதாட்டத் தளம் திறக்கும். கவனமாக எழுதிய தொகுப்பாளரின் இரண்டு வரிதான் அங்கே மோசடிக்கு மூலதனம்.

இதை நிரல் ஓரளவுக்குத்தான் பிடிக்கும். பக்கத்தின் மொழி மாறியதா, தலைப்பு மாறியதா, வேறு டொமைனுக்குத் தள்ளுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அதே சங்கம் தன் தளத்தைப் புதிதாக வடிவமைத்தாலும் எல்லாமே மாறித்தான் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் வேண்டும். டிமாஸின் பல தலைப்புகளுக்குப் பிற்காலத்தில் ஆள் இல்லை என்பதே அதன் பெரிய வியாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

விக்கிப்பீடியா வேறு வழி கண்டது. மேற்கோள் சுட்டி செத்துவிட்டால், இன்டர்நெட் ஆர்கைவ் சேமித்துவைத்த பழைய நகலை ஒரு தானியங்கி அந்த இடத்தில் பொருத்திவிடுகிறது. தானியங்கியும் தன்னார்வலர்களுமாக 2018-க்குள் 90 லட்சம் சுட்டிகளைப் பிழைக்கவைத்தார்கள். மேற்கோளுக்கு இது போதும், அன்று என்ன எழுதியிருந்தது என்பதுதானே கேள்வி. பட்டியலுக்கு இந்த மருந்து உதவாது. மூடிவிட்ட ஒரு தங்கும் விடுதியின் 2009-ஆம் ஆண்டுப் பக்கத்தைக் காட்டி யாரை அங்கே அனுப்புவது? பழைய நகல் அங்கே துப்பாக மட்டும் பயன்படும்: அதிலிருந்து நிறுவனத்தின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ எடுத்துத் தேடி, புது முகவரி இருந்தால் மாற்றலாம், இல்லையேல் நீக்கலாம். டிமாஸின் தொகுப்பாளர்கள் சிலர் ‘கர்லி’ என்ற பெயரில் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.