படகின் வயிற்றில் எவ்வளவு தண்ணீர்?

மூன்று பேர் பணம் போட்டு ஒரு பழைய லேசர் படகு வாங்கினோம். ஒரே ஆள் ஓட்டும் பைபர் பாய்மரப் படகு, நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியதும் இதே உடல்தான், பாய் மட்டும் கொஞ்சம் சின்னது. இடையஞ்சாவடியில் என் வீட்டு முற்றத்தில்தான் படகு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சின்ன யானையில் ஏற்றி, ஈசிஆரைத் தாண்டி பொம்மையார்பாளையம் கடற்கரைக்குக் கொண்டுபோவோம்.

மாசி மாதம் ஒருநாள் அக்கா மகன் ஓட்டினான். காற்று பெரிசா இல்லை, ஆனாலும் கவிழ்ந்தது. இந்த வகைப் படகை அடியில் நீட்டியிருக்கும் பலகைமேல் ஏறி மிதித்தால் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தது, பின்பக்கம் அமுங்கியது, மறுபடி புரண்டது. நாலு தடவை. கடைசியில் ஒரு மீனவர் தன் பைபர் படகில் போய் இரண்டையும் இழுத்துவந்தார். கரையில் படகின் அணியத்தை, அதாவது முன்முனையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினார். உள்ளே சளசள. "வயித்துல தண்ணி இருக்கு தம்பி. இத வச்சா புள்ளைய அனுப்புன?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பத்து லிட்டர் தண்ணீர் அப்படி என்ன செய்துவிடும்? மூட்டை மாதிரி ஓரிடத்தில் இருந்தால் பெரிசா ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். சாய்ந்த படகை இன்னும் சாய்க்கும். ஆபத்து அதன் எடையைவிட ஓட்டத்தில்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எடை. லேசரின் வெற்று உடல் சுமார் 59 கிலோ. பழைய இரும்புக் கடையில் ஒரு தொங்கு தராசு இரவல் வாங்கி, படகை மட்டமாக வைத்து, முன்முனையைத் தொங்கவிட்டு ஒருமுறை, பின்முனையைத் தொங்கவிட்டு ஒருமுறை நிறுத்தோம். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. வந்தது 70. பின்பக்க அடைப்பானைக் கழற்றி முன்பக்கத்தைத் தூக்கினால் ஆறு லிட்டர் கொட்டியது. திரும்ப நிறுத்தால் 64. மீதி ஐந்து கிலோ வடியாது என்பது அப்போதுதான் புரிந்தது. அது மேல்தட்டுக்குள் இருக்கும் ஃபோமில் ஊறிய தண்ணீர். (பழைய ரிப்பேர்களின் ரெசினும் கொஞ்சம் எடை கூட்டும், எல்லாப் பழியையும் தண்ணீர்மேல் போடக்கூடாது.)

எங்கே ஊறியிருக்கிறது? ஐந்து ரூபாய்க் காசால் சாண் சாணாகத் தட்டினேன். நல்ல இடம் 'டக்' என்றது. காக்பிட்டின் இரண்டு ஓரமும் 'தொப்' என்றன. அந்த இடங்களை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கவும் செய்தன. ஈரமானி ஒன்றும் வைத்துப் பார்த்தேன், அது படகு முழுக்க ஈரம் என்றது! காரணம் உப்பு. மரக்காணம் உப்பளத்து உப்பு மழைக்காலத்தில் மூட்டைக்குள்ளேயே கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. படகின்மேல் காய்ந்த கடல்நீரும் அதையேதான் செய்கிறது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, நன்றாகக் காயவிட்டு வைத்த பிறகே ஈரமானி உண்மை பேசியது. காசு சொன்ன அதே இடங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழையா, கடலா? இதற்கு உப்பளத்து வழிதான். வடிந்ததில் ஒரு லிட்டரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டேன். கடல்நீரென்றால் 35 கிராம் போல மிஞ்ச வேண்டும். 31 மிஞ்சியது. கிட்டத்தட்ட முழுக்கக் கடல்.

பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க வைத்தோம், மட்டம் இறங்கவில்லை. பிறகு அடைப்பான் துளையில் வாயால் காற்று ஊதி, விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினோம். (கம்ப்ரசர் வேண்டாம், ஒட்டு பிளந்துவிடும்.) ஓரிடத்தில் மட்டும் பொடிக் குமிழி. மயிரிழை விரிசல். அது வழியாகவா பத்து லிட்டர்?

ஆமாம். இந்தப் படகில் காக்பிட்டின் முன்சுவரில் ஒரு ஊசித்துளை இருக்கும், மூச்சுவிட. முன்னால் வைத்திருந்த யாரோ அதை ஓட்டை என்று நினைத்து பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். வெயிலில் கிடக்கும் படகுக்குள் காற்று 60 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் அந்த விரிசல் வழியே வெளியேறிவிடும். அப்படியே 28 டிகிரி கடலில் தள்ளினால் உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். படகை ஒரு மீட்டர் ஆழத்தில் அமுக்கி வைத்ததற்குச் சமம். விரிசல் சும்மா இருக்குமா, உறிஞ்சும். ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதற்கு உள் என்று ஒன்று இல்லை. மரம் ஊறும், கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் பைபர் பெருகிவிட்டது. அவிழ்த்துக் காயப்போட முடியாத படகு அது.

ஊசித்துளையைத் திறந்தேன், விரிசலை எபாக்ஸியால் மூடினேன். மேல்தட்டில் கைவிடும் அளவு வட்டத்துளை போட்டு, பகலில் மட்டும் டேபிள் ஃபேனால் உள்ளே காற்றடித்தேன். ராத்திரிக் காற்று ஈரம், மூடிவிடுவேன். மூன்று வாரத்தில் எடை 61. அதற்குக் கீழே இறங்கவில்லை. இப்போது கடலில் தள்ளும் முன் அடைப்பானைத் திறந்து வைத்து, ஈரச் சாக்கு போட்டு கால்மணி நேரம் ஆறவிடுகிறோம். பிறகு அடைப்பானை மூடி, முன்முனையைத் தூக்கி ஒரு ஆட்டு. சத்தம் வந்தால் அன்றைக்கு அவன் கடலுக்குப் போவதில்லை.