பாறையை உடைக்கணுமா, பாறை மேல குடியேறணுமா? - நார்த்தாமலையில் கிடைத்த விடை!

இரண்டடி தோண்டியதும் ஜேசிபியின் பல் 'டங்' என்று மோதி நின்றது. இன்னும் நாலடி தள்ளி வைத்தார்கள். அங்கேயும் 'டங்'.

கீரனூர் பக்கம் அக்காவும் மாமாவும் வாங்கிப்போட்ட மூன்றரை சென்ட் மனை அது. கையில் இருந்த நகையில் பாதி அந்த மனைக்குள் போயிருக்கிறது. தென்மேற்கு மூலையில் யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை முதுகு தரைக்கு மேலேயே தெரியும். வாங்கும்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் தெரிந்தது, அது முதுகு மட்டும்தான். உடம்பு மனையின் முக்கால் பாகத்துக்குக் கீழே படுத்திருக்கிறது. கிழக்குப் பக்கம் மட்டும் செம்மண்.

கட்டிக்கொடுக்க வந்த இன்ஜினீயர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "பிரேக்கர் வச்சு உடைச்சிடலாம். அப்புறம் மூணடிக்கு கிராவல் அடிச்சு மனையைத் தூக்கிடலாம்." அவர் போட்டுக்காட்டிய தொகையைக் கேட்டதும் மாமா பேசவே இல்லை. கதவு ஜன்னலுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் முழுக்கப் பாறைக்கே போய்விடும்.

புது வீடுகள் பற்றி ஒரு கட்டுரைக்காக நான் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. "பாறையில எப்படிக் கட்டுறதுன்னு பார்க்கணும்னா, பாறையிலயே 1,100 வருஷத்துக்கும் மேல நிக்கிற கட்டடம் பக்கத்துலயே இருக்கு, வாங்க மாமா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பைக்கிலேயே ஏறிக்கொண்டேன்.

சுடும் கல், குளிரும் கல்

நார்த்தாமலை என்றால் நம்மில் பலருக்கு முத்துமாரியம்மன் கோயிலும் பங்குனித் தேரோட்டமும்தான் நினைவுக்கு வரும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில் சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை என்று ஒன்பது குன்றுகள். ஒரு காலத்தில் வணிகக் குழுவினர் செல்வாக்கோடு இருந்த ஊர். 'நகரத்தார் மலை' என்பதுதான் நார்த்தாமலை ஆனது என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

மேலமலையில் ஏறினோம். வழவழவென்று சரியும் மொட்டைப் பாறை. காலை பத்தரை மணிக்கே வெறுங்காலை வைக்க முடியவில்லை. அந்தச் சரிவில்தான் விஜயாலய சோழீஸ்வரம் நிற்கிறது. 9-ம் நூற்றாண்டில் முத்தரையர் காலத்தில் எழுப்பிய கற்றளி. சாத்தன் பூதி என்பவர் கட்டியது. மழையில் சிதைந்தபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. இவ்வளவு பெரிய கோயிலுக்கும் ரிப்பேர் தேவைப்பட்டிருக்கிறது, அதை மறைக்காமல் கல்லிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

கோயில் மேற்குப் பார்த்து நிற்கிறது. எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈஸ்வரம். இன்னொன்று சமணர் குடகு என்று ஊரில் சொல்லப்படும் பதினெண்பூமி விண்ணகரம். உள்ளே ஆளுயரத்தில் 12 விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் மாமா சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "என்னடா, ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு!"

வெளியே காலைச் சுட்ட அதே கல்தான், உள்ளே குளிர்கிறது. கல் சூட்டைச் சட்டென்று கடத்திவிடாது. மெதுவாக வாங்கும், மெதுவாக விடும். மீட்டர் கணக்கில் பாறை தடித்திருக்கும்போது மேலே விழும் வெயில் உள்பக்கம் வந்து சேர்வதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் வீட்டு கான்க்ரீட் தளத்தின் தடிமன் ஐந்து அங்குலம் இருந்தால் அதிகம். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது சாயந்திரத்திலிருந்து நம் தலைமேல் இறக்க ஆரம்பிக்கிறது. ராத்திரி 11 மணிக்கு ஃபேன் காற்று ஹேர் டிரையர் மாதிரி வருவது இதனால்தான்.

அதனால் "கல்லிலேயே வீடு கட்டுங்கள், ஏசி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நிழலில்லாத மேற்குச் சுவரைக் கல்லில் கட்டினால் அதுவும் ராத்திரி முழுக்க அடுப்புதான்.

பாறைக்கு நடுவே வீடுகள்

பாறை மனையை மதித்துக் கட்டிய வீடு தமிழ்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில், கேரளத்தின் 'வால்மேக்கர்ஸ்' நிறுவனத்தின் வினு டேனியல் வடிவமைத்த 'சுழி' வீடு. மலையாளத்தில் சுழி என்றால் நம் சுழல்தான். மனை முழுக்கப் பாறை, நடுவே பெரிய புளியமரங்கள். மரத்தை வெட்டவில்லை. பாறைகளுக்கு இடையிலேயே வீடு பதுங்கிவிட்டது. இடிபாடுகளையும் மண்ணையும் கலந்து வார்த்த உத்திரங்கள் தரையிலிருந்து சுழன்று எழுந்து, மரத்தைச் சுற்றி வந்து, கூரையாகின்றன. தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் சுமார் 4,000 இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வீடு இருப்பதே தெரியாது.

போட்டோவைக் காட்டியதும் மாமா சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா பேங்க் மேனேஜர் இதை வீடுன்னு ஒத்துக்குவாரா?"

நியாயமான கேள்வி. பெயர் பெற்ற ஆர்க்கிடெக்ட், பெரிய மனை, பொறுமையான உரிமையாளர் என்று எல்லோருக்கும் அமையாது. அதில் எடுத்துக்கொள்ளக்கூடியது வரைபடத்தை அல்ல. எதை உடைக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்தார்களே, அந்த வரிசையை.

இலங்கையின் ஜெஃப்ரி பாவா 1960-களில் குருநாகல் மாவட்டத்துப் பொலொன்தலாவையில், உல்ரிக் பிளெஸ்னரோடு சேர்ந்து கட்டிய எஸ்டேட் பங்களாவும் இப்படித்தான். பெரிய உருண்டைப் பாறைகளே அங்கே சுவராகவும் தூணாகவும் நிற்கின்றன. அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930-களில் அருவியின் மேல் கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீட்டில் மனையிலிருந்த பாறை ஹாலுக்குள்ளேயே கணப்படுப்பின் மேடையாகத் துருத்திக்கொண்டிருக்கும். உலகமே கொண்டாடும் அந்த வீடு ஒழுகவும் செய்தது. வெளியே நீட்டிய தளங்கள் தொய்ந்துபோய், பிறகு பெரிய செலவில் இழுத்துப் பிடித்தார்கள். போட்டோவில் அதெல்லாம் தெரியாது!

நம் கைக்கு எட்டக்கூடியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகி, 2007-ல் மறைந்தவர். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் அவருடைய சொந்த வீடு 'ஹேம்லெட்' செங்குத்தான பாறைச் சரிவில் இருக்கிறது. சரிவைச் சமப்படுத்தாமல், கிடைத்த மட்டத்துக்கு ஒவ்வோர் அறையாகச் சேர்த்துக்கொண்டே போனார். வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதை அவர் கடைசிவரை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நார்த்தாமலையைச் சுற்றி ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கும்? கல்தான். இந்தப் பக்கத்துக் கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் சமையல் மேடைப் பலகையாகவும் லாரி ஏறுகிறது. ஆனால் நம் மனையில் தானாக வந்து படுத்திருக்கும் கல்லை மட்டும் காசு கொடுத்து உடைக்கிறோம்.

உள்ளங்கைத் தண்ணீர் சொன்ன கணக்கு

மேலமலைப் பாறையில் ஆங்காங்கே சுனைகள். பாறை உறிஞ்சாது, விழுந்த மழை வழிந்து, பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். ஒரு சுனை ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரை அள்ளிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் வீட்டு பிளானில் பெரிய தப்பு ஒன்று இருப்பது.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பிளானிலும் ஒரு மூலையில் வட்டம் போட்டு, ஜல்லி மணல் நிரப்பிய குழி என்று எழுதியிருந்தார்கள். அடியில் பாறை என்றால் அந்தக் குழி எந்தத் தண்ணீரை எங்கே இறக்கும்? முதல் மழையிலேயே நிரம்பி வாசலுக்கு வரும். பாறை மனைக்கு வேண்டியது உறிஞ்சு குழி அல்ல, சுனை. அதாவது, தரைக்கு மேல் ஒரு தொட்டி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 750 சதுர அடித் தளம் என்பது சுமார் 70 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் 100 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் 7,000 லிட்டர். சிதறல், முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் எல்லாம் கழித்தாலும் 5,500 லிட்டராவது தேறும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடித்தார்களே, அதே வேலைதான். அண்டாவுக்குப் பதில் இப்போது கறுப்பு டாங்க்.

கழிவறைத் தொட்டிக்கும் இதே சிக்கல். உறிஞ்சுகுழி பாறையில் வேலை செய்யாது. அது மண் இருக்கும் பக்கம்தான் போக வேண்டும். மனையை மூன்றடி தூக்குவதிலும் ஒரு பிரச்னை உண்டு. நம் மனை உயர்ந்தால் வாரித் தண்ணீர் மறைந்துவிடாது. பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போகும். புது வீட்டுக்குப் போகும் முன்பே பக்கத்து வீட்டோடு சண்டை எதற்கு?

பிளானைத் திருப்பிப் போட்டோம்

கோயில் நிழலில் உட்கார்ந்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் மாமா வரைய ஆரம்பித்தார். பழைய பிளானில் வீடு மனையின் நடுவே பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் இருந்தது. உண்மையில் அதுதான் ஆபத்து. பாறை அசையாது, மண் மெல்ல அமரும். சில வருடங்களில் வீட்டின் நடுவே சுவர் கோடு விட்டுவிடும். அப்படித்தான் கட்டியாக வேண்டும் என்றால் மண் பக்கத்துத் தூண்களையும் பாறையைத் தொடும்வரை இறக்க வேண்டும்.

அதைவிட எளிது, வீட்டை முழுக்கப் பாறைக்குத் தள்ளிவிடுவது. மரம் பாறையில் வளராது, வீடு நிற்கும். கிழக்கே மண் இருக்கும் இடத்தில் வேம்பும் கழிவறைத் தொட்டியும். நல்ல பாறை கிடைத்தால் ஆழமான குழி வேண்டாம். மேல்மண்ணைச் சுரண்டிக் கழுவி, சரிவைப் படி படியாகச் செதுக்கி, துளை போட்டுக் கம்பி இறக்கினால் போதும். ஆனால் அது தாய்ப்பாறையா, மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கல்லா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு இடத்தில் துளை போட்டுப் பார்க்கச் சொல்லி இன்ஜினீயரிடம் கேளுங்கள்.

மேற்கு வெயிலுக்கு அக்காதான் வழி சொன்னாள். குளியலறை, மாடிப்படி, சாமான் அறை மூன்றையும் மேற்கே வரிசையாக வைத்துவிட்டால் படுக்கையறைச் சுவரில் வெயில் நேரே விழாது. தளத்துக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதிப்பது. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இருந்த மேல்பூச்சு. அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் வெள்ளை டைல்ஸ்.

அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் சிலது பொருந்தும். 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய் என்று அளவும் தொகையும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மனைதான் ஊருக்கு ஊர் வேறு. வாசல் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பார்த்து வைக்கக் கூடுதல் காசு ஆகாது.

நார்த்தாமலைப் பக்கமே மனை வாங்குகிறவர்களுக்கு ஒன்று: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பத்திரத்துக்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

அந்த பில் காகிதத்தை இன்ஜினீயரிடம் கொண்டுபோனபோது அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒரு ரூம் சின்னதாயிடும், பரவாயில்லையா?" என்றுதான் கேட்டார். வீடு 900 சதுர அடியிலிருந்து 750 ஆகிறது. அக்காவுக்கு அதில் வருத்தம்தான். அம்மாவுக்கு வேறு கவலை, "வீட்டுக்கு முன்னாடி பாறை துருத்திக்கிட்டு இருந்தா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?" அப்பாயிதான் காப்பாற்றியது: "கன்னிமூலை ஒசரமா இருக்கிறது நல்லதுதான்டி. நீ சும்மா இரு."

யானை முதுகைத் தொடவில்லை. திண்ணையாக இருக்கட்டும் என்று விட்டாயிற்று. இப்போதைக்கு அக்கா பையனுக்கு அது சறுக்குமரம். துளை போட்டுப் பார்த்ததில் நாலு இடமும் தாய்ப்பாறை. சித்திரையில் கடைக்கால். 5,000 லிட்டர் டாங்க்தான் இன்னும் விலை படியவில்லை.