நொச்சி ஆவியில் ஏறுவது எது?

சளி, தலைப்பாரம் என்றால் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வேது பிடிப்பது திருகோணமலை வீடுகளில் வழக்கம். அதே இலையைக் குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்பதும் உண்டு. இலை ஒன்று, உடலுக்குள் போகும் மருந்து இரண்டு. ஆவியோடு ஏறுவது இலையின் எண்ணெய். குடிநீரில் தங்குவது நீரில் கரையும் பொருள்கள்.

எண்ணெயைப் பிரிக்க, இலையைத் தண்ணீரோடு காய்ச்சி ஆவியைக் குளிர்விக்கிறார்கள். நீரின் மேல் எண்ணெய் மிதக்கும். 1928இல் கிளெவெஞ்சர் அமைத்த கண்ணாடிக் கருவி இன்றும் இதற்குப் பயன்படுகிறது. கிடைத்த எண்ணெயில் ஒரு மைக்ரோலீற்றர் இருந்தாலே ஆய்வுக்குப் போதும்.

அடுத்தது வாயு குரோமற்றோகிராபி. பொதுவாக 30 மீற்றர் நீளமும் 0.25 மில்லிமீற்றர் உள்விட்டமும் கொண்ட சுருள் குழாய்க்குள் ஹீலியம் வாயு எண்ணெயின் ஆவியைத் தள்ளிச் செல்லும். குழாயின் உட்சுவரில் மெல்லிய பூச்சு உண்டு. அதில் அதிகம் ஒட்டாத, எளிதில் ஆவியாகும் பொருள் முதலில் வெளியேறும். மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். வெளியேறும் மூலக்கூறை, குழாயின் முடிவில் உள்ள நிறை நிறமாலைமானி எலெக்ட்ரான்களால் உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கிறது.

நொச்சி எண்ணெயில் காணப்படும் பீற்றா-கரியோபிலீனின் மூலக்கூற்று நிறை 204. மிளகிலும் கராம்பிலும் இருப்பதும் இதே பொருள்தான். ஆனால் 204 நிறையுள்ள உறவினர் அதற்குப் பலர். எனவே உடைந்த துண்டுகளின் வடிவமும் குழாயில் எடுத்த நேரமும் ஒத்துவந்தால்தான் பெயரை உறுதிசெய்யலாம். இலை பறித்த இடம், பருவம், உலர்த்திய விதம் ஆகியவற்றால் அளவுகள் மாறும். ஆகவே நிலாவெளி இலையின் முடிவை மூதூர் இலைக்கு அப்படியே பொருத்த முடியாது.

எண்ணெயில் உள்ள பொருள்களின் பட்டியலில் ஒரு பெயர் வந்துவிட்டதால் மட்டும் மருந்து நிரூபணமாகிவிடாது. முற்றிய நொச்சி இலையின் நீர்ச்சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் தணித்ததாக இலங்கை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். அது நீர்ச்சாற்றுக்கான சான்று. எண்ணெய்க்கு அதைக் கடன் கொடுக்க முடியாது. குடிநீரில் கரைந்து நிற்பவற்றுள் ஆவியாகாதவை வாயு குரோமற்றோகிராபியின் கண்ணில் படுவதே இல்லை. அவற்றுக்குத் திரவக் குரோமற்றோகிராபி வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. நம் மருத்துவத்தை உலகின் முன் நிறுத்த விரும்பும் மாணவர்கள், வைத்தியர் எப்படித் தயாரிக்கிறாரோ அந்த வடிவத்திலேயே மருந்தைச் சோதிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேதுக்குப் பழகிய இலை என்பதற்காக, அதிலிருந்து வடித்த செறிந்த எண்ணெயைக் குடித்துவிடாதீர்கள்.