பல்லேகல பஸ் காசும் ஒரு கொன்செப்ட் பேப்பரும்

ஏ9 வீதி தொடங்குவது கண்டியில். கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறும் அம்மாக்களுக்கு அது முடியும் இடம். விடியற்காலையில் கண்டியில் இறங்கி, மஹியங்கனை வீதியால் போகும் இன்னொரு பஸ் பிடித்தால் பல்லேகல. பலருக்கு அது கிரிக்கெட் மைதானம் உள்ள ஊர். இந்த அம்மாக்களுக்கு அது சிறைச்சாலை. 1876ஆம் ஆண்டு கட்டப்பட்ட போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் இங்கேதான் மாற்றப்பட்டார்கள்.

2017இல், பல்லேகலவுக்குப் போய்வந்துகொண்டிருந்த ஏழு குடும்பங்கள் உதவி தேடி ஒரு கொன்செப்ட் பேப்பர் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டன. ஊடகக் கற்கையில் பட்டம் இருந்தது, ஆங்கிலம் எழுதத் தெரியும். என்னிடம் இருந்த தகுதி அவ்வளவுதான்.

2015இல் ஜெனீவாத் தீர்மானம் நிறைவேறிய பிறகு நாட்டில் ‘நல்லிணக்கம்’, ‘நிலைமாறுகால நீதி’ என்ற சொற்களுக்குப் பணம் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. நானும் அந்தச் சொற்களால் நான்கு பக்கங்களை நிரப்பினேன். அனுப்புவதற்கு முதல் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஓர் அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. பஸ் காசைப் பற்றி ஒண்டும் இல்லையே?”

நான் திருத்தவில்லை. அப்படியே அனுப்பினேன். இரண்டு மாதத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. ‘பிரச்சினை தெளிவாக இல்லை’ என்பது ஒரே வரிக் காரணம். அந்த அம்மா சொன்னதும் அதைத்தான்.

இன்று எமது பகுதிகளில் பல சிறு குழுக்கள் இதே இடத்தில் நிற்கின்றன. பணமும் சுருங்கிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதியுடன் யுஎஸ்எயிட் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே நான் பிழைவிட்டுக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

கொன்செப்ட் பேப்பர் என்பது என்ன?

அரச ஆவணங்களில் இதை எண்ணக்கருப் பத்திரம் என்பார்கள். முழுமையான முன்மொழிவுக்கு முன்னர் அனுப்பும் இரண்டு மூன்று பக்கங்கள். இதைப் பார்த்து யாரும் உடனே பணம் தருவது குறைவு. ‘முழுதாக எழுதி அனுப்புங்கள்’ என்று கொடையாளரைச் சொல்ல வைப்பதே இதன் வேலை. முதல் பந்தியிலேயே யாருக்கு, எங்கே, என்ன, எவ்வளவு என்பது தெரிய வேண்டும்.

பிரச்சினையை எழுதுவது

‘எங்களிடம் வான் இல்லை’ என்பது பிரச்சினை அல்ல. அது நாம் விரும்பும் தீர்வு இல்லை என்ற முறைப்பாடு. இரண்டாம் முறை நாங்கள் இப்படி எழுதினோம்: ஏழு குடும்பங்கள், ஒரு வழிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இருவர் போய்வர மூன்று நாள் கூலி முடிந்துவிடும். வாசலில் சிங்களத்தில் பேசி விளங்கப்படுத்த ஆள் இல்லாமல் சில நாள்களில் பார்க்காமலே திரும்புகிறார்கள். அதனால் மாதம் ஒரு முறை போனவர்கள் இப்போது வருடத்தில் இரண்டு முறைதான் போகிறார்கள்.

வெளியீடும் விளைவும்

பலர் தடுமாறும் இடம் இது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்ளூர் நிறுவனங்களுக்கு ஜப்பான் அரசின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நிதியுதவி கிடைத்திருக்கிறது. இத்தனை சதுர மீற்றர் நிலம் துப்புரவாக்கப்பட்டது என்பது வெளியீடு. அந்த நிலத்துக்குரிய குடும்பம் திரும்பி வந்து பயிர் செய்கிறது என்பது விளைவு. எங்கள் கணக்கில் பன்னிரண்டு பயணங்கள் வெளியீடு. பிள்ளை ஒவ்வொரு மாதமும் தாயைப் பார்க்கிறான் என்பது விளைவு. 1969இல் யுஎஸ்எயிட்டுக்காக உருவாக்கப்பட்ட ‘லொக்ஃபிரேம்’ அட்டவணையைக் கண்டு பயப்பட வேண்டாம். இதைச் செய்தால் இது நடக்கும், நடந்ததை இப்படி அறிவோம் என்று கட்டம் கட்டிச் சொல்வதுதான் அது.

பணக் கணக்கு

குறைத்துக் கேட்டால் இரக்கம் காட்டுவார்கள் என்று நினைப்பது பிழை. வான் வாடகை, சாப்பாடு, தொலைபேசி, மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுபவரின் கொடுப்பனவு எல்லாம் வர வேண்டும். பற்றுச்சீட்டு எடுக்க முடியாத செலவை அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பதிவு

அரச சார்பற்ற நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகின்றன. பதிவும் வங்கிக் கணக்கும் இல்லாத குழு, பதிவுள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் யார் கையில் இருக்கும், முடிவை யார் எடுப்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள்

என் முதல் வரைவில் கைதிகளின் பெயர், ஊர், வழக்கு விபரம் எல்லாம் இருந்தன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளை உள்ளே இருக்கும் ஒரு குடும்பத்தின் விபரம் எத்தனை மின்னஞ்சல்களுக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை. இந்தக் கட்டத்தில் எண்ணிக்கையும் மாவட்டமும் போதும். கதை தேவைப்பட்டால், அது எங்கே போகும் என்று விளங்கப்படுத்தி அனுமதி கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். காயத்தை விரித்துக் காட்டினால்தான் பணம் வரும் என்று எவரும் எண்ண வைக்கக்கூடாது.

இரண்டாவது பத்திரத்தை முதலில் தமிழில் எழுதி, அந்தக் குடும்பங்களுக்கு வாசித்து, திருத்தி, அதன் பிறகே ஆங்கிலமாக்கினேன். இரண்டே பக்கம். ஒரு சிறிய நிதியம் ஒரு வருடத்துக்கு வான் வாடகையும் மொழி தெரிந்த ஒருவருக்கான கொடுப்பனவும் தந்தது. கண்டியில் இரவு தங்குவதற்குக் கேட்டது கிடைக்கவில்லை. வருடம் முடிந்ததும் பணமும் முடிந்தது. அம்மாக்கள் மறுபடியும் இரவு பஸ் ஏறினார்கள்.

அந்தப் பன்னிரண்டு பயணங்களின் வரவுக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு மாதம்கூட எவரும் விடுபடவில்லை.