திறப்பு யார் கையில்?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே, எழுவான்கரையில் அமைந்த செட்டிபாளையத்தில் கண்ணகை அம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களில் மட்டக்களப்புக் கண்ணகை கோயில்களில் திருக்கதவு திறக்கும்போது ஊரே திரண்டு நிற்கும். நிற்பவர் அனைவரும் அன்னையின் பிள்ளைகளே. ஆயினும் பூசை கப்புகனார் பொறுப்பு. கணக்கும் நிருவாகமும் வண்ணக்கர் பொறுப்பு. வாசல் எல்லோருக்கும் உரியது. பெட்டகத்தின் திறப்போ எல்லோர் கையிலும் இல்லை. இதனை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

இவ்வெளிய நெறியை நாம் கணினியிடத்து மட்டும் மறந்துவிடுகின்றோம்.

நாமறிந்த சங்கமொன்றில் பொதுக் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் சேர்வர் கணினி ஒன்று இருந்தது. உறுப்பினர் பட்டியல், கணக்கு, கடிதம் யாவும் அதில் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களின் நிழற்படங்களும் இருந்தன. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிரதிகளைத் தேடிப்பெற்றுச் சேர்த்த படங்கள் அவை. அனைவருக்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் சுவரிலே ஒட்டப்பட்டிருந்தது!

ஒருநாள் இடம் போதவில்லையென்று யாரோ நல்லெண்ணத்துடன் ‘பழையவை’ என்ற தொகுதியை அழித்துவிட்டார். ஆண்டு நினைவுக்கு மகளின் படத்தைக் கேட்டு வந்த தாயொருத்தி, இன்னுமொரு தடவை தேடிப் பார்க்குமாறு வேண்டி நின்றாள். அழித்தவர் யாரென்றும் அறியக்கூடவில்லை. எல்லோரும் ஒரே பெயரில் புகுந்தமையால் ஐயம் எல்லோர்மீதும் விழுந்தது. தீயவர் ஒருவருமின்றியே தீங்கு நேர்ந்தது.

பலர் ஒரு கணினியைப் பகிர்வதால் எழும் இடர் புதிதன்று. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1966இல் இரு கோப்புகள் இடம் மாறியதால், வரவேற்பு வாசகம் தோன்றவேண்டிய இடத்தில் அனைவருடைய கடவுச்சொற்களும் தோன்றின. பின்னர் வந்த யுனிக்ஸ் என்னும் அமைப்பு, படிக்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்தது. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர், ஒருவருக்கு அவர்தம் பணிக்கு வேண்டிய அளவு உரிமையே போதும் என்று வகுத்துரைத்தனர். நம் ஊர்க் கோயில்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கமும் இதுவேயன்றோ!

செய்யவேண்டுவன சிலவே. ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். அப்போதுதான் எவர் எதைச் செய்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். பின்னர், தொழிலுக்கேற்பக் குழுக்களை வகுத்து, உரிமையை ஆளுக்கன்றிக் குழுவுக்கு வழங்குக. படங்களைப் பார்க்கும் உரிமை அனைவருக்கும். சேர்க்கும் உரிமை சிலருக்கு. அழிக்கும் உரிமை ஓரிருவருக்கு மட்டும். பொறுப்பிலிருந்து விலகியவரின் உரிமையை அன்றே மீளப்பெறுக. மேலான உரிமை ஒருவர் கையில் மட்டும் இருத்தலும் ஆகாது. அவர் நோயுற்றால் கதவே திறவாது. இவை யாவும் இருந்தாலும் வேறிடத்தில் ஒரு பிரதி இருத்தல் இன்றியமையாதது.

அளவு கடந்த கட்டும் கேடே. கணக்கெழுதுபவர் கணக்கைத் திறக்க முடியாவிடின், அடுத்தவரின் கடவுச்சொல்லை இரவல் கேட்பார். பூட்டு இருந்தும் இல்லாததாகும்.

“என்னை நம்பவில்லையா?” என்று சினப்பவர் உண்டு. அன்பர்களே, திறப்பைக் கொடாமை அவநம்பிக்கையன்று. திறப்பு இல்லாதவர்மேல் பழியும் விழாது. நம்மவரை ஐயத்தினின்று காப்பதும், அந்தத் தாயின் மகளுடைய முகத்தைக் காப்பதும் அந்த ஒரே பூட்டுத்தான்.